வருகைப் பதிவேடும் மாணவர் ஈடுபாடும்

(ரிச்சர்ட்ஸ் டவுனில் கல்லூரி மாணவர்களும் கல்வித்துறை அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் வாசகம்)



பெங்களூரு நகரின் ரிச்சர்ட்ஸ் டவுன் கல்வியோடு நெடுங்காலத் தொடர்புடைய வட்டாரம். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நிறுவிய கன்டோன்மென்ட் பகுதி, 1898ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் மேலும் விரிவடைந்தது. நெரிசலைத் தவிர்க்கும் நோக்குடன் புதிய குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் ஆகியவை அந்த வரிசையில் தோன்றியவையே. படையோடும் வாணிகத்தோடும் கட்டடப் பணிகளோடும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இப்பகுதிகளில் வாழ்ந்து வருகின்றன. ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்ற தமிழ்ப் பெருமகனார், ஏழைப் பிள்ளைகள் கட்டணமின்றிக் கற்பதற்கென 1873ஆம் ஆண்டிலேயே கன்டோன்மென்டில் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய அறக்கட்டளையின் கல்வி நிலையங்கள் இன்றும் நடைபெறுகின்றன.

அந்நாளில் கல்வியின் முதற் சிக்கல் வாயிலுக்கு வெளியே இருந்தது. ஏழைப் பிள்ளை பள்ளிக்குள் நுழைவதே அரிது. இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. மத்திய அரசின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2021-22ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஏறத்தாழ 4 கோடியே 33 லட்சம் பேர் உயர்கல்வி பயின்றனர். அக்கணக்கெடுப்பில், நாட்டின் மாவட்டங்களுள் மிகுதியான கல்லூரிகளைக் கொண்டது பெங்களூரு நகர்ப்புற மாவட்டமே. அங்கு 1,106 கல்லூரிகள் இருந்தன. வாயில் அகன்று திறந்துவிட்டது. ஆனால் உள்ளே நுழைந்த மாணவர் உண்மையில் கற்கிறாரா என்ற வினா முன்னிலும் கூர்மையாக எழுகிறது. இவ்வுரை அவ்வினாவைப் பற்றியது.

இருக்கையில் இருப்பதும் பாடத்தில் இருப்பதும்

இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக 75 விழுக்காடு வருகை கட்டாயம். ஒரு பாடத்துக்கு 60 மணி நேர வகுப்புகள் என்றால், 45 மணி நேரம் வருகை தந்தவர் தேர்வெழுதத் தகுதி பெறுகிறார். பதிவேட்டில் அவர் குறையற்ற மாணவர். எனினும் அந்த 45 மணி நேரத்தில் அவர் ஒரு வினாவும் எழுப்பாமல், ஒரு கணக்கையும் தாமாகச் செய்து பாராமல், கரும்பலகையில் கண்டதைப் படியெடுத்து மட்டுமே வந்திருக்கக்கூடும். பதிவேடு உடலின் வருகையைக் கணக்கிடுகிறதே அன்றி மனத்தின் வருகையைக் கணக்கிடுவதில்லை.

அமெரிக்கக் கல்வியறிஞர் அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், மாணவர் தம் கல்விக்காகச் செலுத்தும் உடல், உள்ள ஆற்றலின் அளவையே ஈடுபாடு என வரையறுத்தார். இந்த வரையறையின் பயன் யாதெனில், ஈடுபாட்டை அது பிறவிக் குணமாகக் கொள்ளாமல், கூடவும் குறையவும் கூடிய ஆற்றலாகக் கொள்கிறது. ஒரே மாணவர் ஒரு வகுப்பில் ஊக்கத்துடனும் மற்றொரு வகுப்பில் சோர்வுடனும் இருப்பதை எவரும் காணலாம். ஆகவே ஈடுபாடு குன்றியதற்கான காரணத்தை மாணவரிடத்தில் மட்டும் தேடுவது முறையாகாது.

அறிகுறிகள்

ஈடுபாடு குன்றுவது திடீரென நிகழ்வதன்று. முதற் பருவத்தின் முதல் நான்கு அல்லது ஐந்து வாரங்களிலேயே அதன் அடையாளங்கள் தென்படும். குறிப்பிட்ட ஓர் ஆசிரியரின் வகுப்புக்கு மட்டும் வராமை, முதல் மணிக்குத் தொடர்ந்து தாமதமாக வருதல், பல மாணவரின் பயிற்சித் தாள்களில் ஒரே பிழை ஒரே இடத்தில் காணப்படுதல், பாடநூலை வாங்காமல் தேர்வுக்கு முன் வழிகாட்டி நூலை மட்டும் நாடுதல், 'புரிந்ததா?' என்று வினவியதும் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் 'புரிந்தது' என்று விடையளித்தல் ஆகியவை அத்தகைய அடையாளங்கள். இறுதியாகக் கூறியதே மிகவும் ஏமாற்றக்கூடியது. 'புரிந்ததா?' என்பது விடையைத் தன்னுள்ளேயே கொண்ட வினா. புரியாதவர் நூறு பேர் நடுவில் எழுந்து அதை ஒப்புக்கொள்வார் என எதிர்பார்ப்பது இயற்கைக்கு மாறானது.

மறுபுறம், பேசாதிருப்பவர் அனைவரும் ஈடுபாடற்றவர் எனக் கொள்வதும் பிழையே. சிலர் அமைதியாகக் கேட்டு, வீட்டில் நன்கு பயில்வர். எனவே ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தலாகாது. வருகை, எழுத்துப் பயிற்சி, வகுப்பில் பங்கேற்பு ஆகிய மூன்றையும் இணைத்து நோக்குதல் வேண்டும்.

நால்வகை மௌனம்

வகுப்பறை மௌனத்தின் காரணங்களை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, மொழியால் வரும் மௌனம். ரிச்சர்ட்ஸ் டவுனைச் சுற்றியுள்ள வீடுகளில் தமிழும் உருதுவும் பேசப்படுகின்றன. கடைவீதியிலும் அலுவலகத்திலும் கன்னடம் வழங்குகிறது. கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. தாய்மொழி வழியில் பயின்று வந்த மாணவர் ஒருவர் வினாவைப் புரிந்துகொண்டு, விடையை மனத்தில் அமைத்து, அதை ஆங்கிலமாக்குவதற்குள் ஆசிரியர் அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுகிறார். அறிவுக்குறை என எண்ணப்படுவது பல வேளைகளில் காலக்குறையே.

இரண்டாவது, களைப்பால் வரும் மௌனம். மாலையில் கடையிலோ, இரவில் தொலைபேசிச் சேவை நிறுவனத்திலோ, இருசக்கர வண்டியில் உணவு வழங்கும் பணியிலோ உழைத்துக் குடும்பத்துக்கு உதவும் மாணவர்கள் நகரங்களில் உள்ளனர். அவர்கள் காலை வகுப்பில் கண் அயர்வது அலட்சியத்தால் அன்று.

மூன்றாவது, பயன் காணாமையால் வரும் மௌனம். விரும்பிய பாடப்பிரிவு கிட்டாமல் கிடைத்ததில் சேர்ந்தவரும், பட்டத்துக்கும் வேலைக்கும் இடையே தொடர்பைக் காணாதவரும் இவ்வகையினர்.

நான்காவது, சலிப்பால் வரும் மௌனம். முன்னரே அறிந்ததை மீண்டும் கேட்க நேர்ந்த திறமைமிக்க மாணவர் இதில் அடங்குவர். இவர்களைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. ஏனெனில் அவர்கள் தேர்ச்சி பெற்றுவிடுகின்றனர்.

இந்நான்கும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே காணப்படும். ஆனால் நான்குக்கும் மருந்து ஒன்றன்று. களைத்தவருக்கு அபராதமும், மொழியால் தடுமாறுபவருக்கு அறிவுரையும் அளிப்பதால் விளையும் பயன் யாதுமில்லை.

வேர் எங்கே உள்ளது?

1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. கற்பிப்பது கல்லூரியின் வேலை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் வேலை எனப் பிரிக்கப்பட்டது. இம்முறையில் பாடம் சொல்பவர் ஒருவர். பாடத்திட்டம் வகுப்பவர் மற்றொருவர். வினாத்தாள் அமைப்பவர் வேறொருவர். வகுப்பில் எழும் உயிருள்ள வினா தேர்வுக்கு உதவாது என்பதை மாணவர் விரைவில் கண்டுகொள்கிறார். பழைய வினாத்தாள்களே அவருக்கு உண்மையான ஆசிரியர் ஆகிவிடுகின்றன. இது மாணவரின் சோம்பல் என்பதைக் காட்டிலும், அமைப்பு அவருக்குக் கற்பித்த சிக்கனம் எனல் பொருந்தும்.

இக்குறை நெடுங்காலமாக அறியப்பட்டதே. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, உயர்கல்வியில் செய்யத்தக்க சீர்திருத்தங்களுள் தேர்வுச் சீர்திருத்தத்தை முதன்மையாகக் கருதியது. டாக்டர் டி. எஸ். கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை செயற்பட்ட கல்விக் குழுவும் கற்பிக்கும் முறையிலும் மதிப்பீட்டிலும் மாற்றத்தை வலியுறுத்தியது. 1978ஆம் ஆண்டில் தமிழகத்தில் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கப்பட்டதன் நோக்கங்களுள் ஒன்று, கற்பிப்பவரே மதிப்பிடும் உரிமையை அளிப்பதாகும். பருவமுறையும் அகமதிப்பீடும் பின்னர் பரவலாயின. எனினும் அகமதிப்பீடு பல இடங்களில் பெருந்தேர்வின் சிறு உருவமாகவே நின்றுவிட்டது.

விதிகள் அடிக்கடி மாறுவதும் ஒரு காரணம். கர்நாடகத்தில் 2021-22ஆம் கல்வியாண்டில் நான்காண்டுப் பட்டப்படிப்புக்கு வழிசெய்யும் பாடத்திட்டம் புகுத்தப்பட்டது. 2024-25இல் மாநில அரசு மூன்றாண்டு முறைக்கே திரும்பியது. இரு முடிவுகளுக்கும் அவற்றுக்குரிய காரணங்கள் கூறப்பட்டன. ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஆசிரியர் புதிய பாடத்தைப் பழகவும், மாணவர் புதிய விதிகளை அறியவும் செலவிடும் காலம் கற்றலிலிருந்தே கழிகிறது.

ஆய்வுகள் காட்டுவது

விரிவுரையை மட்டும் கேட்பதற்கும், வகுப்பிலேயே செய்து கற்பதற்கும் உள்ள வேறுபாடு குறித்து விரிவான ஆய்வுகள் உள்ளன. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடைபெற்ற 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட அறிக்கை, விரிவுரை மட்டும் நிகழ்ந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோல்வியுற்றதையும், மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் 21.8 விழுக்காட்டினரே தோல்வியுற்றதையும் காட்டியது. நூறு பேர் கொண்ட வகுப்பில் பன்னிருவர் தோல்வியினின்று தப்புகின்றனர் என்பது இதன் பொருள். அப்பன்னிருவருள் முதற் தலைமுறைப் பட்டதாரி ஆகவேண்டியவர் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

2019ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு மற்றோர் உண்மையை வெளிப்படுத்தியது. பங்கேற்று கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தனர். ஆயினும் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே எண்ணினர். நயமான விரிவுரை கேட்போருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போன்ற நிறைவை அளிக்கிறது. தாமே முயன்று தடுமாறுவது சலிப்பை அளிக்கிறது. ஆகவே மாணவரின் மனநிறைவை மட்டும் அளவுகோலாகக் கொள்வது ஆபத்தானது. இவை வெளிநாட்டு ஆய்வுகள். இங்குள்ள வகுப்பின் அளவும் மொழிச்சூழலும் வேறு. எனவே இவற்றை வேதவாக்காகக் கொள்ளாமல், ஒவ்வொரு கல்லூரியும் தன் வகுப்புகளில் சோதித்தறிதல் நன்று.

செலவில்லாத வழிகள்

'மாணவர் எண்பது பேர்; பாடம் முடியவேண்டும்; இதற்கெல்லாம் நேரம் எங்கே?' என்பது ஆசிரியர் எழுப்பும் நியாயமான தடை. அதற்கு விடை கணக்கிலேயே உள்ளது.

வகுப்பில் வினா எழுப்பிய ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருக்கின்றனர் என்பதை 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி வகுப்புகளில் கண்டறிந்தார். அக்காலத்தை மூன்று விநாடிகளாக நீட்டியபோது விடைகள் நீண்டன. வாய் திறவாதிருந்த மாணவரும் பேச முன்வந்தனர். ஒரு மணி நேர வகுப்பில் இருபது வினாக்கள் எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி காத்திருந்தால் செலவாவது ஒரே நிமிடம். ஆங்கிலத்தில் விடையை அமைக்கத் தடுமாறும் மாணவருக்கு அந்த நிமிடம் பெருங்கொடை.

இரண்டாவது வழி, வகுப்பின் இறுதியில் ஒரு துண்டுத்தாள். 'இன்று விளங்காத ஒன்று யாது?' என்பதற்கு எம்மொழியிலேனும் ஓரிரு வரி, பெயரின்றி எழுதச் செய்யலாம். எண்பது தாள்களை, ஒன்றுக்குப் பத்து விநாடி வீதம் பார்த்தால், பதினான்கு நிமிடங்களுக்குள் முடியும். மறுநாள் வகுப்பு அவ்வையங்களுக்கு விடை கூறித் தொடங்கினால், தம் சொல் கேட்கப்பட்டது என்பதை மாணவர் உணர்வர்.

மூன்றாவது, பக்கத்தில் அமர்ந்திருப்பவரோடு இரண்டு நிமிடம் கலந்து பேசச் செய்தல். தமிழிலோ, கன்னடத்திலோ, உருதுவிலோ பேசித் தெளிந்தபின் ஆங்கிலத்தில் எழுதலாம். தாய்மொழி இங்கே ஆங்கிலத்துக்குப் பகையன்று. அதற்கு ஏறும் படியாகும்.

நான்காவது, பருவத்தின் நான்காம் வாரத்துக்குள் சிறு மதிப்பீடு ஒன்றை நடத்தி, தாள்களைத் திருத்தி, ஒரு வாரத்தில் திருப்பித் தருதல். பருவ இறுதியில் அறியப்படும் குறையைக் களைய எவராலும் இயலாது.

சீட்டுக் கணக்கும் வணிகவியல் பாடமும்

பாடத்தின் பயனை மாணவர் காணாமைக்குப் பாடம் அவர் வாழ்வைத் தொடாததும் காரணம். எடுத்துக்காட்டாக, பணத்தின் காலமதிப்பு என்ற பகுதி வணிகவியல் மாணவருக்குக் கடினமாகத் தோன்றுகிறது. ஆனால் அவர் வீட்டில் ஏலச்சீட்டு நடைமுறை நன்கு தெரிந்ததே. இருபது பேர் சேர்ந்த ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டில் மாதந்தோறும் ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய். ஒருவர் அவசரத் தேவைக்காக இருபத்தைந்தாயிரம் தள்ளி, எழுபத்தைந்தாயிரத்துக்குச் சீட்டை எடுக்கிறார். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவருக்கு ஐயாயிரம் போக, மீதி இருபதாயிரம் இருபது பேருக்கும் ஆளுக்கு ஆயிரமாகப் பிரிகிறது; அம்மாதம் அவரவர் செலுத்துவது நான்காயிரமே. முன்னதாக எடுப்பவர் ஏன் அதிகம் தள்ளுகிறார், இறுதி மாதம்வரை காத்திருப்பவருக்கு என்ன ஆதாயம் என்று வினவினால், அதுவரை வாய் திறவாத மாணவர் விடை கூறுவார். அவர் தாயார் அக்கணக்கை மனத்திலேயே போடுபவராக இருத்தல்கூடும். அங்கிருந்து வட்டிவீதத்துக்கும் தற்போதைய மதிப்புக்கும் செல்லும் வழி குறுகியது. பாடநூல் மாறவேண்டியதில்லை, அதன் தொடக்கப்புள்ளி மாறினால் போதும்.

பெங்களூரின் ஒரு முன்மாதிரி

பதிவேடும் மதிப்பெண்ணும் இன்றியே இளைஞர் கற்க முன்வருவர் என்பதற்குப் பெங்களூரிலேயே சான்று உண்டு. பசவனகுடி நேஷனல் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து, அதன் முதல்வராகவும், 1970களில் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கியவர் டாக்டர் எச். நரசிம்மையா (1920-2005). 1962ஆம் ஆண்டில் அவர் நிறுவிய பெங்களூர் அறிவியல் மன்றம், அறிஞர்களை அழைத்து வாரந்தோறும் பொதுச் சொற்பொழிவுகளை நடத்தியது. வருவோருக்குக் கட்டணமும் இல்லை, கட்டாயமும் இல்லை. உரைக்குப் பின் வினா எழுப்புவதற்கு அங்கே இடமிருந்தது. எதையும் கேள்விக்கு உட்படுத்தும் பழக்கமே கல்வியின் உயிர் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கொள்கை. மாணவர் விடுதி அறையிலேயே எளிமையாக வாழ்ந்த அவரை மாணவர் எந்நேரமும் அணுக முடிந்தது. ஆசிரியரை அணுக இயலும் என்ற நம்பிக்கையே ஈடுபாட்டின் முதற்படி என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

அலுவலர் பொறுப்பு

முழுச் சுமையையும் வகுப்பாசிரியர் தலையில் ஏற்றுதல் நேர்மையன்று. அரசுக் கல்லூரிகளில் பெரும் எண்ணிக்கையிலான பாடங்களைக் கௌரவ விரிவுரையாளர்களே நடத்துகின்றனர். அடுத்த ஆண்டு பணியில் இருப்போமா என்பதை அறியாத ஆசிரியர், மாணவரை மூன்றாண்டுக் காலம் பின்தொடர்ந்து கவனிப்பது எங்ஙனம்? காலியிடங்களை நிரப்புவது மாணவர் ஈடுபாட்டுக்கான திட்டங்களுள் முதன்மையானது.

கல்வி உதவித்தொகை உரிய காலத்தில் கிடைப்பின், இரவுப் பணியை விடக்கூடிய மாணவர் சிலரேனும் இருப்பர். பேருந்து நேரத்துக்கு இசைய வகுப்பு நேரத்தை அமைப்பதும், பணிபுரியும் மாணவர் மிகுந்த இடங்களில் மாலை வகுப்புகளை நடத்துவதும் செலவு குறைந்த சீர்திருத்தங்கள்.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1994இல் நிறுவப்பட்ட தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு, வழிகாட்டி ஆசிரியர் முறையையும் மாணவர் கருத்தறிதலையும் கல்லூரிகளின் தர மதிப்பீட்டில் கணக்கில் எடுத்துள்ளது. நோக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் ஆய்வுக்குழு வரும் வாரத்தில் மட்டும் நிரப்பப்படும் படிவங்களால் மாணவருக்கு நன்மை விளையாது. ஆய்வுக்குச் செல்லும் அலுவலர், கோப்பில் உள்ள படிவங்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு, தொடர்ந்து வராத மாணவர் ஐவரின் பெயரைக் கேட்டு, அவர் வராமைக்குக் காரணம் யாதென வழிகாட்டி ஆசிரியர் அறிவாரா என வினவுதல் வேண்டும். அந்த ஒரு வினா பல படிவங்களின் வேலையைச் செய்யும்.

75 விழுக்காடு விதி நீங்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. விதியின் பயன் பருவ இறுதியில் தடுத்து நிறுத்துவதில் இல்லை. ஐந்தாம் வாரத்தில் எச்சரிப்பதில் உள்ளது. பதிவேடு தண்டனைக் கருவியாக இருப்பதைவிட, நோய்க்குறி காட்டும் கருவியாக இருப்பது மேல்.

மாணவர் பொறுப்பு

மாணவருக்கும் கடமை உண்டு. ஒருவரைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பம் கட்டணத்தை மட்டும் செலுத்துவதில்லை. அவர் ஈட்டியிருக்கக்கூடிய மூன்றாண்டு ஊதியத்தையும் துறக்கிறது. அத்துறவுக்கு ஈடாகக் கிடைக்க வேண்டியது சான்றிதழ் மட்டுமன்று. வேலைக்கான நேர்முகத்தில் பட்டத்தின் பெயரைக் கேட்டபின் எழும் அடுத்த வினா, கற்றது யாது என்பதே. வாரத்துக்கு ஒரு வினாவையேனும் வகுப்பிலோ, வகுப்புக்குப் பின்னரோ ஆசிரியரிடம் எழுப்புவது, பாடநூலில் ஒரு பகுதியை வகுப்புக்கு முன்னரே படிப்பது, மூவர் நால்வராகக் கூடிப் பயில்வது ஆகிய பழக்கங்கள் எவர் அனுமதியும் வேண்டாதவை. வீட்டில் கல்லூரி கண்டவர் இல்லாத மாணவருக்கு, கூடிப் பயிலும் நண்பரே மூத்த உடன்பிறப்பாவார்.

கல்லூரிகளின் எண்ணிக்கையைப் பெருக்கும் பணியில் இந்நாடு பெரும் வெற்றி கண்டுள்ளது. சேர்ந்தவர் அனைவரும் கற்றுச் செல்லுமாறு செய்யும் பணி எஞ்சியுள்ளது. அதற்குப் புதிய கட்டடமோ, பெருநிதியோ உடனடித் தேவையன்று. வினா எழுப்பியபின் மூன்று விநாடி காத்திருக்கும் ஆசிரியரும், ஐந்தாம் வாரத்தில் வராத மாணவரின் பெயரைக் கேட்கும் அலுவலரும், விளங்காததை விளங்கவில்லை எனக் கூறத் துணியும் மாணவரும் இருப்பின், வரும் பருவத்திலேயே அப்பணியைத் தொடங்கிவிடலாம்.